‘நார்மல்’ என்று எழுதிக் காட்டும் கருவி: கொடைக்கானலில் ஒன்றரை வருடப் பயன்பாடு

கைக்கு அடக்கமான ஈ.சி.ஜி. கருவி ஒன்றைத் தம்பி மகன் தேனியிலிருந்து வரும்போது வாங்கி வந்தான். 2023 ஜூன், சாரல் பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. "அத்தை, இத எப்பவும் பக்கத்துலயே வச்சுக்கங்க. நெஞ்சு படபடன்னு வந்தா உடனே எடுத்து டாக்டருக்கு அனுப்பிருங்க" என்றான். விலை 12,000 ரூபாய்ச் சொச்சம். எங்கள் கன்னியர் இல்லத்தில் ஒரு சிஸ்டருக்கென்று தனியாக அவ்வளவு விலையில் பொருள் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. இல்லத் தலைவியிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் அலமாரியில் வைத்தேன்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், ஆனால் மெல்லிசு. மேலே இரண்டு தகடு, அடியில் ஒன்று. இரண்டு கட்டைவிரலையும் மேல்தகடுகளில் வைத்து, அடித்தகடு இடது முழங்காலிலோ கணுக்காலிலோ வெறும் தோலில் படும்படி பிடித்துக்கொண்டு 30 வினாடி அசையாமல் உட்கார வேண்டும். கோடுகள் போனில் ஓடும். ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஈ.சி.ஜி. இதயத்தைப் பன்னிரண்டு கோணத்திலிருந்து பார்க்கிறது. இது ஆறு கோணத்திலிருந்து. கைகால் வழியாகப் பார்க்கிற ஆறும் இதில் உண்டு. நெஞ்சில் ஒட்டிப் பார்க்கிற ஆறு கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் கதையில் பாதி இதில்தான் இருக்கிறது. கம்பெனிப் பெயரை நான் எழுதவில்லை. இந்த மாதிரிக் கருவிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் வேலை செய்கின்றன. நான் சொல்வதும் இந்த வகை முழுவதற்கும்தான்.

நான் செவிலி. 1986-ல், 31 வயதில், எங்கள் சபை என்னைப் பொலிவியாவுக்கு அனுப்பியது. கொச்சபம்பா பள்ளத்தாக்கு, 2,500 மீட்டர் உயரம். நம் கொடைக்கானலைவிட மேலே. 2017-ல் திரும்பி வந்தேன். பெருமாள்மலை தாண்டும்போது பேருந்து ஜன்னல் வழியாக அடித்த யூகலிப்டஸ் வாசத்தில், நான் இன்னும் கிளம்பவே இல்லையோ என்றிருந்தது. அங்கேயும் மலைச்சரிவெல்லாம் அந்த மரம்தான்.

அங்கே கிராமத்து வீடுகள் வெயிலில் காயவைத்த மண்கல்லில் கட்டி, மேலே வைக்கோல் வேய்ந்தவை. சுவர் வெடிப்புகளில் விஞ்சூக்கா என்ற பூச்சி குடியிருக்கும். நம் மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவு, ஆனால் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது. வயிற்றின் ஓரத்தில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. விஞ்சூக்கா என்றால் கெச்சுவா மொழியில் ‘மேலேயிருந்து விழுவது’ என்று எங்கள் மருந்தகத்துக்கு வந்த கிழவிகள் பொருள் சொன்னார்கள். விளக்கணைத்த பிறகு கூரையிலிருந்து கம்பளிமேல் சொத்தென்று விழும். முகத்தில் கடிக்கும், வலிக்காது. ரத்தம் குடித்துவிட்டு அங்கேயே கழிவையும் போட்டுவிடும். தூக்கத்தில் சொறிகிற கை அந்தக் கழிவைக் கடிவாயிலோ கண்ணிலோ தேய்த்துவிடும். ட்ரிபனோசோமா குரூசி என்ற ஒட்டுண்ணி அந்தக் கழிவில்தான் இருக்கிறது. 1909-ல் இதைக் கண்டறிந்தவர் கார்லோஸ் சாகஸ் என்ற பிரேசில் மருத்துவர். அவர் பெயரால்தான் சாகஸ் நோய் என்கிறோம்.

எனக்கு எந்த ராத்திரி வந்தது என்று தெரியாது. ஒரு கண்ணிமை மட்டும் வீங்குவது அதன் முதல் அடையாளங்களில் ஒன்று; எத்தனையோ குழந்தைகளுக்கு அதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு வந்த நினைவில்லை. 1998-ல் ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் பரிசோதனையில் தெரிந்தது. ஒரே பரிசோதனையை வைத்து முடிவு சொல்ல மாட்டார்கள். வேறு வேறு முறையில் இரண்டு செய்து, இரண்டும் ஒத்துவர வேண்டும். எனக்கு ஒத்துவந்தது. அன்றோடு ரத்ததானம் நின்றது.

இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் ஆகாது. பத்துக்கு மூன்று பேர் வரை, பத்து இருபது முப்பது வருடம் கழித்து இதயத்தில் காட்டும். ஒட்டுண்ணி இதயத் தசைக்குள் குடியிருக்கும்; உடம்பு அதோடு ஓயாமல் சண்டை போடும்; சண்டை நடந்த இடமெல்லாம் தழும்பாகும். அந்தத் தழும்பு இதயத்தின் மின்சாரப் பாதையில் விழுந்தால் துடிப்பு தடம் புரளும், தசையில் விழுந்தால் இதயம் பெருத்துத் தளரும். 2009-ல் எனக்கு ஒட்டுண்ணியைக் கொல்கிற பென்ஸ்னிடசோல் என்ற மருந்து கொடுத்தார்கள், 60 நாள். உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. கம்பளி போர்த்த முடியாமல் குளிரில் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் முடித்தேன். அந்த மருந்தை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு பலன். குழந்தைகளுக்கு மிக நன்றாகக் கேட்கும். ஏற்கெனவே கெட்ட இதயத்தில் என்ன செய்யும் என்று 2,854 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. ரத்தத்தில் ஒட்டுண்ணி குறைந்தது. ஐந்து வருடப் பார்வையில் இதயம் மேலும் கெடுவது குறிப்பிடும்படி குறையவில்லை. அதே 2015-ல்தான் கொச்சபம்பாவில் என் ஈ.சி.ஜி. முதல்முறை மாறியது.

மாறியது என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைகளுக்கு மின்சாரம் போக வலப்பக்கம் ஒரு கம்பி, இடப்பக்கம் ஒரு கம்பி. இடப்பக்கக் கம்பி இரண்டு கிளையாகப் பிரியும். எனக்கு வலது கம்பி முழுதாகப் போய்விட்டது, இடதில் முன்கிளை போய்விட்டது. மிச்சம் ஒரே ஒரு கிளை. வலது கம்பியும் இடது முன்கிளையும் சேர்ந்து போவது சாகஸ் இதயத்தின் கையெழுத்து மாதிரி. பொலிவியாவில் ஒரு பயிற்சி மருத்துவர்கூட அந்த ஈ.சி.ஜி.யைக் கையில் வாங்கியதும் "எர்மானா (சிஸ்டர்), விஞ்சூக்கா உள்ள ஊரில் படுத்திருக்கிறீர்களா?" என்றுதான் கேட்பார்.

இங்கே அப்படிக் கேட்க ஆளில்லை. இந்தியாவில் இந்த நோய் பரவுவதில்லை. டாக்டர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் 2023 பிப்ரவரியில் நடந்ததை மறக்க முடியவில்லை. இரண்டு முறை கண் இருட்டிக்கொண்டு வந்ததால் கீழே சமவெளியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர், "வயசானா இப்படி இருக்கும் சிஸ்டர், பயப்படாதீங்க" என்றார். பொலிவியா, சாகஸ் என்று நான் சொல்லச் சொல்ல அவர் அடுத்த சீட்டை எடுத்துவிட்டார். எக்கோ அறிக்கையில் ‘இதயத்தின் இயக்கம் திருப்தி’ என்று ஒரு வரி. சாகஸில் இதயத்தின் நுனி பலூன் மாதிரிப் பிதுங்கும். அதற்குள் ரத்தக்கட்டி உட்கார்ந்து ஒருநாள் மூளைக்குப் போகும். நுனியைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும். யாரும் தேடவில்லை.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு குழப்பம். ‘பிளாக்’ என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், "எத்தனை பிளாக்? ஸ்டென்ட் வைக்கலையா?" என்று எல்லோரும் கேட்டார்கள். நம் ஊரில் பிளாக் என்றால் ரத்தக்குழாய் அடைப்பு, ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ். மின்சாரப் பாதையில் வருவதும் பிளாக்தான், ஆனால் அதற்கும் கொழுப்புக்கும் சம்பந்தமில்லை. என் ஆஞ்சியோவில் குழாய்கள் மூன்றும் சுத்தம். தண்ணீர்க் குழாய் வேறு, கரன்ட் வயர் வேறு என்று இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் உட்காரவைத்துச் சொன்னேன். உங்கள் வீட்டில் யாருக்காவது ‘பிளாக்’ என்று சொல்லியிருந்தால் எந்தப் பிளாக் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரையே வேறு.

இந்த நிலைமையில்தான் கருவி வந்தது.

கொடைக்கானலில் இதைப் பயன்படுத்துவதில் முதல் தொல்லை குளிர். ஆனி ஆடி மாதத்தில் காலை ஐந்து மணிக்கு என் விரல்நுனி மரக்கட்டை. உலர்ந்து குளிர்ந்த தோலில் கருவி ஒன்றும் பிடிக்காது. கோடு புல்தரை மாதிரி பொசுபொசுவென்று வரும். முதல் இரண்டு வாரம் எடுத்ததில் பாதிக்கு மேல் குப்பை. பிறகு கற்றுக்கொண்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கைகழுவி, துடைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே விரலை வைக்க வேண்டும். காலுறையைக் கழற்றிக் கணுக்காலையும் ஈரத்துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் தசை நடுங்கிக் கோடு கெடும். ஜெபமாலையைப் பிடிக்கிற மாதிரி தளர்வாகப் பிடித்தால் போதும். கையை மடியில் ஊன்றிக்கொள்ள வேண்டும். போன் சார்ஜில் இருக்கக் கூடாது. 30 வினாடியை எண்ண நான் கடிகாரம் பார்ப்பதில்லை: ‘அருள் நிறைந்த மரியே’ நிதானமாக இரண்டு முறை சொன்னால் முடிந்துவிடும்.

இரண்டாவது, நெட்வொர்க். மழை கொட்டினால் எங்கள் பக்கம் சிக்னல் போய்விடும். ஆனால் பதிவு போனிலேயே தங்கிவிடுகிறது. மாடி ஜன்னலோரம் போய் நின்று பிறகு அனுப்பலாம். மலையில் இருப்பவர்கள் வாங்கும்முன் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இணையம் இல்லாவிட்டால் பதிவே ஆகாத கருவி இங்கே உதவாது.

அக்டோபரில் ஒருநாள், விடியற்காலை ஐந்தே கால். ஆலயத்துக்குக் கிளம்பச் சால்வையை எடுக்கிறேன், நெஞ்சுக்குள் மீன் துள்ளியது. ஒரு துள்ளல், அப்புறம் ஒன்றுமில்லாத ஒரு கணம், அப்புறம் திடும் என்று ஒரு பெரிய அடி. கட்டிலில் உட்கார்ந்து எடுத்தேன். சின்னச் சின்னக் கூம்பாகச் சீராகப் போய்க்கொண்டிருந்த கோட்டில், நேரத்துக்கு முன்னாலேயே ஒரு அகலமான, உருவமே வேறான அலை. அதற்குப் பின் நீளமான வெறுமை. 30 வினாடியில் அப்படி ஏழு. ஓரிடத்தில் அடுத்தடுத்து இரண்டு. கருவி அதன்மேல் ‘வகைப்படுத்த முடியவில்லை’ என்று எழுதியது. நான் 40 வருடம் ஈ.சி.ஜி. பார்த்தவள். கீழறை தானாகத் துடிக்கிற துடிப்பு அது, எனக்குத் தெரிந்தது. ஆனால் தெரிந்து என்ன? எனக்குத் தேவைப்பட்டது இன்னொருவர் கண்ணில் காட்டுவதற்கு ஒரு காகிதம். வாய்வார்த்தையாகப் படபடப்பு என்றால் "டென்ஷன் வேண்டாம் சிஸ்டர்" என்பார்கள். பி.டி.எஃப். கையில் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. இந்தக் கருவிக்கு நான் கொடுக்கிற முழு மதிப்பும் இதற்குத்தான்.

மதுரையில் வேறொரு இதய டாக்டருக்கு அனுப்பினேன். அவரும் சாகஸ் நோயாளி ஒருவரையும் பார்த்ததில்லை. ஆனால் "எனக்கு ரெண்டு நாள் டைம் குடுங்க, படிச்சிட்டுக் கூப்பிடுறேன்" என்றார். சொன்னபடி கூப்பிட்டார். ஹோல்ட்டர் போடச் சொன்னார். நெஞ்சில் ஒட்டிக்கொண்டு 24 மணி நேரமும் பதிவு செய்வது. மலையில் இருப்பவர்களுக்கு ஹோல்ட்டர் என்றால் இரண்டு நாள் பிழைப்பு. ஒருநாள் போய் மாட்டிக்கொள்ள வேண்டும், மறுநாள் கழற்றிக் கொடுக்க வேண்டும், நடுவில் மதுரையில் தங்க இடம் வேண்டும். எங்களுக்கு அங்கே ஒரு இல்லம் உண்டு. அது இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று அந்த ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த 24 மணி நேரத்தில் இரண்டு முறை கீழறைத் துடிப்பு நாலைந்து சேர்ந்து ஓடியிருந்தது, இரண்டும் தூக்கத்தில். எனக்கு எதுவும் தெரியாது. கையில் வைத்துப் பார்க்கிற கருவி இதை ஒருநாளும் பிடித்திருக்காது. நாம் விழித்திருந்து, விரல் வைத்து, உட்கார்ந்திருக்கிற 30 வினாடி மட்டும்தான் அதற்குத் தெரியும். மயங்கி விழுகிறவர் விரல் வைக்க மாட்டார்.

எக்கோவை அவர் தன் கையாலேயே திரும்ப எடுத்தார். "டாக்டர், நுனியைப் பாருங்க" என்றேன். பத்து நிமிடம் போல அங்கேயே நின்று தேடினார். சின்னதாக ஒரு பிதுக்கம் இருந்தது, கட்டி இல்லை. பின்சுவரில் அசைவு குறைவு. பிறகு ராஸி மதிப்பெண் போட்டோம். 2006-ல் பிரேசில் மருத்துவர்கள் வெளியிட்டது. சாகஸ் இதயத்துக்கென்றே உள்ள ஆபத்துக் கணக்கு. ஓய்வாக இருக்கும்போதோ சிறிது நடந்தாலோ மூச்சு வாங்கினால் 5, எக்ஸ்ரேயில் இதயம் பெருத்திருந்தால் 5, எக்கோவில் சுவர் அசைவில் கோளாறு 3, ஹோல்ட்டரில் அப்படிச் சேர்ந்தாற்போல் ஓடினால் 3, ஈ.சி.ஜி.யில் அலைகள் சிறுத்திருந்தால் 2, ஆணாக இருந்தால் 2. எனக்கு 3-ம் 3-ம் சேர்ந்து 6. ஆறு வரை குறைந்த ஆபத்து, பத்து வருடத்தில் பத்துப் பேரில் ஒருவர் இறப்பது. ஏழிலிருந்து பதினொன்று என்றால் நூற்றுக்கு 44, அதற்கு மேல் 84. என் தம்பியாக இருந்திருந்தால் இதே இதயத்துக்கு 8.

மதிப்பெண் குறைவு என்று நாங்கள் மகிழ்ந்துவிடவில்லை. என் ஒற்றைக் கிளைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. டாக்டர் துடிப்பை அடக்குகிற மாத்திரை, மிகக் குறைந்த அளவில் கொடுத்தார். "இது அந்த ஓட்டத்தக் குறைக்கும், ஆனா மிச்சமிருக்கிற வயரையும் மெதுவாக்கும். நாடி 50-க்குக் கீழ போனா மாத்திரைய நிறுத்திட்டு என்னைக் கூப்பிடுங்க. ராத்திரி எந்நேரமானாலும்" என்றார். தினம் இரண்டு முறை எடுத்து நோட்டில் எழுதினேன்.

இப்போது என் பெரிய குறைக்கு வருகிறேன். இந்த ஒன்றரை வருடத்தில் என் பதிவுகளில் முக்கால்வாசிக்குமேல் பச்சை எழுத்தில் ‘நார்மல்’ என்று வந்தது. ஒரு கம்பியும் ஒரு கிளையும் அறுந்து, நுனி பிதுங்கிய ஒரு இதயத்தைப் பார்த்து அந்தச் சொல். கருவி பொய் சொல்லவில்லை. தாளம் சீராக இருக்கிறது, வேகம் 50-க்கும் 100-க்கும் நடுவில் இருக்கிறது, மேலறை தாறுமாறாகத் துடிக்கிற ‘மேலறை நடுக்கம்’ இல்லை. அதற்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். ஆனால் பச்சை எழுத்தைப் பார்க்கிற மனிதர் தாளம் என்று படிக்க மாட்டார், இதயம் என்றுதான் படிப்பார். எங்கள் இல்லத்திலேயே ஒரு சிஸ்டர் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "இறைவனுக்கு நன்றி, உங்களுக்கு எல்லாம் சரியாயிடுச்சு" என்று கண்கலங்கினார். வலது கம்பி அறுந்ததை நெஞ்சில் ஒட்டுகிற வி1 என்ற இடத்தில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். அந்த இடம் இந்தக் கருவிக்குக் கிடையாது. இடது முன்கிளை போனதன் அடையாளம் ஆறு லீட்டிலேயே தெரியும் (லீட் என்பது முன்பு சொன்ன கோணம்தான்). முதல் லீட்டில் அலை மேலே நிற்கும், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கீழே கவிழும். படம் சரியாகத்தான் வருகிறது, அதன்மேல் எழுதுகிற சொல்தான் போதவில்லை. ‘தாளம் சீர்’ என்று எழுதினால் என்ன? தயாரிப்பாளருக்கு இதை எழுதி அனுப்பினேன். நன்றி என்று ஒரு வரி வந்தது. எழுத்து மாறவில்லை.

ஆகவே யார் வாங்கினாலும் முதலில் ஒரு முழுப் பன்னிரண்டு லீட் ஈ.சி.ஜி. எடுத்து, அதைப் போனில் படம் பிடித்து, கருவியின் பதிவோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் இரண்டையும் ஒன்றாகக் காட்டுங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் பாதி உண்மைதான் போய்ச் சேரும்.

2024 டிசம்பர், திருவருகைக் காலத்தின் இரண்டாவது வாரம். ஆலயத்துக்கு ஏறுகிற படி மொத்தம் 22. எட்டாவது படியில் தலை கிறுகிறுத்தது. கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். கருவி சால்வை மடிப்பில் இருந்தது. விரலெல்லாம் வியர்த்திருந்ததால் கோடு கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது. நிமிடத்துக்கு 38. மேலறை அலை, அதன் பின்னால் பெரிய அலை. மறுபடி மேலறை அலை, பின்னால் ஒன்றுமில்லை. ஒன்றுவிட்டு ஒன்று கீழே போய்ச் சேரவில்லை. மிச்சமிருந்த கிளையும் கைவிடுகிறது. கருவி இந்த முறை ‘துடிப்பு மெதுவாக உள்ளது’ என்று எழுதியது, அது சரி. அதைப் படித்துவிட்டு ஒருவர் தண்ணீர் குடித்துப் படுத்துவிடவும் கூடும், இது அந்த வகை மெதுவில்லை. படியில் உட்கார்ந்தபடியே டாக்டருக்கு அனுப்பினேன். ஆறு நிமிடத்தில் போன் வந்தது: "மாத்திரை நிறுத்துங்க. கார்ல கிளம்புங்க. தனியா வராதீங்க."

வத்தலக்குண்டு இறங்கும்வரை தம்பி மகன் என் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிக்கொண்டே வந்தான். டம்டம் பாறை வளைவில் மூடுபனி. "நாப்பது இருக்கு அத்தை, நாப்பது இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மாத்திரையை நிறுத்தி மூன்று நாள் பார்த்தார்கள், துடிப்பு ஏறவில்லை. பேஸ்மேக்கர் வைத்தார்கள். ஷாக் கொடுக்கிற ஐ.சி.டி. வைக்கலாமா என்றும் பேசினோம். இதயம் பம்ப் செய்கிற சக்தி ஓரளவு தாங்கியிருந்ததாலும், ஆபத்தான ஓட்டம் நீடித்து வராததாலும் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவானது. பேஸ்மேக்கர் வந்ததில் ஒரு நல்லது: துடிப்பு இனி ஓர் அளவுக்குக் கீழே போகாது, அதனால் முன்பு கொடுக்கப் பயந்த அமியோடரோன் என்ற துடிப்பை அடக்கும் மாத்திரையைத் தைரியமாகக் கொடுக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் கல்லீரலும் பார்க்க வேண்டும். அந்த மாத்திரையில் வெயில் தோலைச் சுடும். மலை வெயில் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் சுடுகிற வெயில். தோட்டத்துக்குப் போனால் தொப்பியும் முழுக்கையும்.

கருவியோடு சேர்த்து இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன், விலை குறைவு, பயன் அதிகம். ஒன்று, எடை பார்க்கிற மெஷின். காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் ஏறி நின்று எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பாடு இல்லை, நீர். சாகஸில் கால் வீக்கமும் வயிற்று உப்பலும் மூச்சுத்திணறலுக்கு முன்னாலேயே வரலாம். கால் வீங்கினால் நின்றுகொண்டே வேலை செய்ததால் என்று விட்டுவிடக் கூடாது. இரண்டாவது, ஒரு நோட்டு. எனக்கு இப்போது பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கிற நீர் மாத்திரையும் உண்டு. ஊரார் அன்போடு சிறுமலைப் பழம் சீப்புச் சீப்பாகக் கொண்டுவருகிறார்கள். ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை, எடுத்ததை எழுதிவைக்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கிறேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு அடியோடு நிறுத்தம்.

இதைப் படிப்பவர்களில் சாகஸ் உள்ளவர்கள் மிகச் சிலர்தான் இருப்பீர்கள். தென் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்த பாதர்கள், சிஸ்டர்கள், அங்கே வேலை பார்த்தவர்கள், அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி வந்தவர்கள். மண்வீட்டில் படுத்திருந்தால் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். அங்கே பிறந்து வளர்ந்த பெண்ணாக இருந்தால் பிள்ளை பெறும் முன்பே பார்த்துவிடுங்கள், தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும். பரிசோதனையில் இருக்கிறது என்று வந்தால், உடம்புக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு பன்னிரண்டு லீட் ஈ.சி.ஜி. எடுங்கள். அது சுத்தமாக இருக்கிறவரை பெரும்பாலும் நிம்மதி. மாறிய பிறகு எக்கோவும் ஹோல்ட்டரும். தலைசுற்றல், கண் இருட்டு, மயக்கம் வந்தால் லோ பிரஷர் என்று காப்பி குடித்து உட்காராதீர்கள்.

மற்றவர்களுக்கு: மேலறை நடுக்கம் உள்ளவர்கள், எப்போதாவது வந்து போகிற படபடப்புக்கு ஆதாரம் கிடைக்காமல் தவிப்பவர்கள், ஆஸ்பத்திரிக்கு மணிக்கணக்கில் போக வேண்டிய ஊரில் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். பதிவைப் பார்த்துப் பதில் சொல்ல ஒரு டாக்டர் இருக்க வேண்டும். அவர் இல்லாமல் கருவி மட்டும் வாங்குவதில் பயனில்லை. நெஞ்சுவலிக்கு இது இல்லவே இல்லை. மாரடைப்பை இது காட்டாது. நெஞ்சு வலித்தால் இதைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். குறைத்த ஒன்றரையில் ஒன்று அந்தப் பச்சைச் சொல்லுக்கு, அரை குளிருக்கு.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். அதனால் எனக்கு இனி அது ஆகாது. எங்கள் சமையலறையில் பண்ணைக்காட்டிலிருந்து வந்து வேலை செய்கிற தங்கச்சிக்குச் சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியிருக்கிறது. அவளுக்கு மேலறை நடுக்கம் எந்த நாளும் வரலாம், வந்தால் பக்கவாதம் பின்னாலேயே வரக்கூடும். இல்லத் தலைவியிடம் கேட்டு அவளுக்குக் கொடுத்துவிட்டேன். காலை கஞ்சி இறக்கியதும் அடுப்பங்கரையிலேயே உட்காரச் சொல்கிறேன். அடுப்புச் சூட்டில் அவள் விரல் கதகதப்பாக இருக்கும், கோடு நன்றாக வருகிறது. "சிஸ்டர், நார்மல்னு போட்டிருக்கு" என்பாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு கோட்டைப் பார்ப்பேன்.